‘வேணாம்டா’ என்று சொல்லப் பிள்ளைக்கு யார் பழக்குவது?

(மஞ்சக்குப்பத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், வளரிளம் பருவப் பிள்ளைகளும் போதைப் பழக்கமும் என்பது பற்றிக் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கடன் நிலுவை, வங்கி இணைப்பு, தணிக்கை எல்லாம் பேசி முடித்து, டீயும் குடித்த பிறகு எங்களைப் பேச விட்டிருக்கிறீர்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது என்று தெரியும். ஆனாலும் இன்றைக்குப் பேசப் போவது நம்ம வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று வயதில் இருக்கிற பிள்ளைகள். அதனால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லி ஆரம்பிக்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜூன் 26, போதைப்பொருள் எதிர்ப்பு தினத்தன்று, கடற்கரை ஓரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போனோம். பேர் வேண்டாம். ஊர்வலம் விட்டோம், உறுதிமொழி எடுக்க வைத்தோம். வாய்ப்புற்றுநோய் வந்தவர்களின் போட்டோவைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு மாட்டினோம். அதோடு விடாமல் ஒரு மேசை போட்டு, இது ஹான்ஸ், இது கூல் லிப், இது பான் மசாலா, இது பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் என்று வரிசையாக அடுக்கி, ‘இதையெல்லாம் தொடவே கூடாது’ என்று சொன்னோம். பிள்ளைகள் முண்டியடித்துக் கொண்டு பார்த்தார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கி, “மிஸ், இதுல எது ரொம்ப எரியாது?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவிட்டோம்.

அது வேடிக்கைக் கேள்வி இல்லை. வாயில் வைத்துப் பார்த்த பிள்ளைக்குத்தான் எரியும் என்று தெரியும். அன்றைக்கு அவனைத் தனியாக உட்கார வைத்து ஐந்து நிமிஷம் பேசியிருக்கலாம். நாங்கள் பேசவில்லை. மதியத்துக்குள் அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும், அறிக்கையில் இத்தனை பள்ளி என்று காட்ட வேண்டும்.

மூன்று மாதம் கழித்து அவன் புத்தகப் பையில் பொட்டலம் கிடைத்து, வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அன்றைக்கு ராத்திரி அவன் அப்பா குடித்துவிட்டு வந்து, வலை கட்டுகிற கயிற்றால் அடித்திருக்கிறார். அடுத்த நாளிலிருந்து அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. அவன் அம்மா நம்ம குழு உறுப்பினர்தான். மூணு வாரம் குழுக் கூட்டத்துக்கு வரவில்லை. தவணை கட்டப் பணமில்லாமல் ஒளிகிறாள் என்று குழுவில் பேச்சு வந்தது. பணம் அவள் முந்தானையில் முடிந்துதான் இருந்தது. முகத்தைக் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருந்தாள். அது எங்களுக்குத் தெரிந்தது ரொம்ப நாள் கழித்துத்தான்.

அதற்கப்புறம் நாங்கள் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தோம். நாம செய்கிற வேலை உண்மையிலேயே பிள்ளைகளைக் காப்பாற்றுகிறதா என்று.

இந்தத் தப்பைச் செய்தது நாங்கள் மட்டும் இல்லை என்று தெரிந்ததில் ஒரு சின்ன ஆறுதல். அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் டேர் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். போலீஸ்காரரே வகுப்பறைக்கு வந்து போதையின் கேட்டைச் சொல்லுவார். பிள்ளைகளுக்கு சட்டை, ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. நாடு முழுக்கப் பரவியது. பெற்றோருக்கு அதில் ரொம்ப திருப்தி. ஆனால் 1990-களில் ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துப் பார்த்தபோது, வகுப்பு கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிற்பாடு அவர்களே பாடத்தை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் அலுவலகம் 2013-இல் தடுப்புப் பணிக்கென்று ஒரு வழிகாட்டி போட்டு, 2018-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. பயமுறுத்துவதும், வெறும் தகவலைச் சொல்லிவிட்டு வருவதும் மட்டும் போதாது, பிள்ளைகள் தாங்களே பேசி, நடித்து, பழகிப் பார்க்கிற வகுப்புதான் பலன் தருகிறது என்று அது சொல்கிறது.

ஏன் பயம் வேலை செய்யவில்லை? நாமே யோசிச்சுப் பாக்கலாம். பதிமூணு வயசுப் பையனுக்கு நாற்பது வயசுல வரப்போற புற்றுநோய் எவ்வளவு தூரத்துல இருக்கு! அவன் பயம் எல்லாம் சாயங்காலம் நாலரை மணிக்கு தேவனாம்பட்டினம் பீச்சுல, கூட இருக்கிறவன் பொட்டலத்தை நீட்டி, ‘என்னடா, பயந்தாங்கொள்ளி’ என்று சொல்லும்போது நாலு பேர் சிரிப்பார்களே, அதுதான். அந்த இடத்துல அவனுக்குப் புற்றுநோய் போட்டோ ஞாபகம் வராது. வாயில் ஒரு வார்த்தை வர வேண்டும். அந்த வார்த்தையை யாரும் அவனுக்குப் பழக்கவில்லை.

இப்போது சென்னைக் கதை ஒன்று சொல்கிறோம். இது நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்தது.

2004-ஆம் வருஷம் டெல்லியைச் சேர்ந்த ஹிருதய் என்ற தொண்டு நிறுவனமும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து மைத்ரி என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். டெல்லியில் 16 பள்ளி, சென்னையில் 16 பள்ளி, மொத்தம் 32. ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும். தொடங்குவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் பேர் எழுதாமல் ஒரு தாளில் கேட்டார்கள், எப்போதாவது புகையிலை உபயோகித்திருக்கிறாயா என்று. எட்டாம் வகுப்பில் நூற்றுக்கு 9 பேர் ஆமாம் என்று எழுதியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நூற்றுக்கு 25 பேர் பக்கம். சின்னப் பிள்ளைகள் அதிகம்! எட்டாவது படிக்கிறவன் மறைக்கக் கற்றுக்கொண்டிருப்பான் என்று நீங்கள் சொல்லலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், பதினொரு வயசுப் பிள்ளையில் நாலில் ஒன்று தொட்டுப் பார்த்திருக்கிறது. நாம என்னவோ பத்தாவது வந்த பிறகு புத்தி சொல்லலாம் என்று காத்திருக்கிறோம்.

அந்த 32 பள்ளிகளில் பாதிக்கு மட்டும் இரண்டு வருஷம் பாடம் நடந்தது. ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் வகுப்பில் பாதி வேலையை நடத்தியது பிள்ளைகளிலேயே தேர்ந்தெடுத்த தலைவர்கள்தான். சின்னக் குழுவாக உட்கார்ந்து பேசினார்கள், நடித்தார்கள், விளம்பரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள். அப்பா அம்மா படிக்க வீட்டுக்கு அட்டை கொடுத்து அனுப்பினார்கள். 2006-இல் மறுபடி கேட்டபோது, பாடம் நடக்காத பள்ளிகளில் புகையிலை உபயோகம் 68 சதவீதம் கூடியிருந்தது. பாடம் நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்திருந்தது. 2009-இல் இந்த முடிவு அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பத்திரிகையில் வந்தது.

இதில் நாங்கள் கவனித்தது ஒன்று உண்டு. இரண்டு வருஷம். நாங்கள் போனது ஒரு காலைப் பொழுது.

இந்த மாதிரிப் பாடத்துக்கு வாழ்க்கைத் திறன் கல்வி என்று பேர். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பத்துத் திறன்களைச் சொன்னது. தன்னை அறிதல், அடுத்தவர் நிலையில் நின்று பார்த்தல், ஆராய்ந்து பார்த்தல், புதிதாக யோசித்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், தெளிவாகப் பேசுதல், உறவைப் பேணுதல், உணர்ச்சியைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல். பயிற்சியில் இதை எங்களுக்குப் போர்டில் எழுதிப் போட்டபோது பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருந்தது.

ஆனால் உங்களைப் பார்த்தால் அந்தப் பத்தும் புரியும். நம்ம மாவட்டம் பழைய தென்னாற்காடாக இருந்தபோதே, 1991-92-லேயே, மகளிர் மேம்பாட்டுத் திட்டம் இங்கே வந்துவிட்டது. அந்தக் காலத்துக் குழு அக்காக்கள் சிலர் இன்றைக்கும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதல் கூட்டத்தில் எழுந்து பேர் சொல்லக்கூட வாய் வரவில்லை என்று நீங்களே எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது வங்கி மேலாளர் ‘நாளைக்கு வாங்கம்மா’ என்றால், ‘நாளைக்கு எத்தனை மணிக்கு சார், எழுதிக் கொடுங்க’ என்று கேட்கிறீர்கள். உள்கடன் யாருக்கு முதலில் என்று சண்டை போடாமல் முடிவெடுக்கிறீர்கள். இதை யாரும் உங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. வட்டமாக உட்கார்ந்து, வாரா வாரம் பேசிப் பேசி வந்தது. பிள்ளைகளுக்கும் அதே வழிதான். ஒரு வட்டம், வாரம் ஒரு மணி நேரம், பேச ஒரு வாய்ப்பு.

போன வருஷத்திலிருந்து மூன்று ஊரில் சனிக்கிழமை வகுப்பு நடத்திப் பார்க்கிறோம். அங்கே என்ன செய்கிறோம் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம். ஏனென்றால் இதை நீங்கள் உங்கள் ஊரில் செய்ய முடியும்.

முதல் வாரம் ஒரு சீட்டு விளையாட்டு. உங்கள் வயசுப் பிள்ளைகள் நூறு பேரில் எத்தனை பேர் புகையிலை உபயோகிக்கிறார்கள் என்று நினைக்கிறாய், பேர் போடாமல் எழுது என்போம். ஐம்பது, அறுபது, ஒரு பையன் தொண்ணூறு என்று எழுதினான். பிறகு 2019-இல் இந்தியா முழுக்க 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பைச் சொல்லுவோம். நூறில் எட்டரை. அப்போது வகுப்பே அமைதியாகிவிடும். ‘எல்லாரும் பண்றாங்க, நான்தான் பண்ணல’ என்ற நினைப்புதான் பிள்ளையைப் பிடித்துத் தள்ளுகிறது. தொண்ணூற்றொரு பேர் தொடுவதில்லை என்று தெரிந்தால், தொடாதவனுக்கு முதுகெலும்பு கொஞ்சம் நிமிரும். நாமும் கவனமாக இருக்க வேண்டும். டீக்கடையில் நின்று ‘இந்தக் காலத்துப் பசங்க எல்லாம் கெட்டுப் போச்சு’ என்று பேசுகிறோமே, அதைக் கேட்கிற பிள்ளை, அப்படியானால் நானும் கெட்டால்தான் கூட்டத்தோடு சேருவேன் என்று எடுத்துக்கொள்கிறான்.

இரண்டாவது, மறுத்துப் பேசுகிற நடிப்பு. இதுதான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவன் நீட்டுவான், ஒருவன் மறுக்க வேண்டும். நீட்டுகிற வேஷத்துக்கு எப்போதும் போட்டி, அதற்குச் சீட்டுக் குலுக்க வேண்டியிருக்கிறது! ஆரம்பத்தில் மறுக்கிறவன் நீளமாகக் காரணம் சொல்லுவான். “எங்க அம்மா திட்டும்டா, அப்புறம் உடம்புக்கு ஆகாதுடா, டீச்சர் சொன்னாங்கடா.” ஒவ்வொரு காரணத்துக்கும் எதிராளி ஒரு பதில் வைத்திருப்பான். “அம்மாவுக்கு எப்படிடா தெரியும்? ஒரு தடவைல என்னடா ஆகும்?” மறுக்கிறவன் தோற்றுவிடுவான். நாலைந்து தடவை நடித்த பிறகு பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். காரணம் சொல்லவே கூடாது. முகத்தைப் பார்த்து, சிரித்த மாதிரி, ‘வேணாம்டா.’ மறுபடி கேட்டால் மறுபடி அதே ‘வேணாம்டா.’ மூன்றாவது தடவை, ‘நான் கிளம்புறேன், நீ வர்றியா?’ அவ்வளவுதான். ஒரு சுட்டிப் பையன் சொன்னான், “எங்க அம்மா மோப்பம் பிடிக்கும்டா, போலீஸ் நாய் மாதிரி!” அது காரணம் சொல்வதுதான் என்றாலும் எதிராளி சிரித்துவிட்டதால் ஜெயித்துவிட்டான். அம்மா மேல் பழியைப் போடுவதென்றால் போடட்டும், உங்களுக்குக் கோபம் வேண்டாம்.

இதைப் படிக்கிறபோது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நீச்சல் மாதிரிதான் இதுவும், எழுதிப் படித்து வராது. வாய் பழகியிருந்தால்தான் பீச்சில் அந்த நேரத்தில் வரும்.

மூன்றாவது, கணக்கு. இதில் நீங்கள் கெட்டிக்காரர்கள். ஒரு நாளைக்கு இருபது ரூபாய் என்று வைத்தால் மாசம் 600, வருஷம் 7,300. அந்தப் பணத்தில் என்ன வாங்கலாம் என்று பிள்ளைகளே பட்டியல் போடுவார்கள். ஒரு பெண் பிள்ளை, அப்பா குடிக்கிற கணக்கையும் பக்கத்தில் போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்து வந்துவிட்டோம். விளம்பரத்தையும் பிரித்துப் பார்ப்போம். புகையிலைக்கு விளம்பரம் போடக்கூடாது என்று 2003-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அதனால் அதே பேரில் ஏலக்காய், பாக்கு என்று ஏதோ ஒன்றை வைத்து சினிமா நட்சத்திரம் சிரிக்கிறார். ‘இவருக்கு இதுக்குக் காசு யார் குடுக்கிறா? அந்தக் காசு எங்கிருந்து வருது?’ என்று கேட்டால், ஆறாவது படிக்கிற பிள்ளை சரியாகச் சொல்கிறது.

நாலாவதுதான் கஷ்டம். மனசு சம்பந்தப்பட்டது. முதல் தடவை ஏன் தொட்டாய் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தால், சும்மா, ஆசை, கூட்டாளி என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு. அதோடு, வீட்டில் சண்டை, பரீட்சையில் பெயில், டீச்சர் எல்லோர் முன்னாலும் கேவலப்படுத்தியது, தங்கச்சி செத்துப் போனது என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு. நம்ம பிள்ளைகளுக்குக் கோபம் என்ற ஒரு வார்த்தைதான் தெரிகிறது. அவமானம், பயம், ஏக்கம், பொறாமை எல்லாமே கோபமாகத்தான் வெளியே வருகிறது. அதனால் ஒரு தாளில் இந்த வாரம் மனசு எப்படியெல்லாம் இருந்தது என்று எழுதவோ படம் போடவோ சொல்கிறோம். மனசு கனமாக இருந்தால் யாரிடம் போவாய் என்று ஒரு பேராவது எழுத வேண்டும். போன மாதம் இருபத்திரண்டு பிள்ளைகளில் ஐந்து பேர் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அந்த ஐந்து தாளையும் நாங்கள் இன்னும் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறோம்.

பஞ்சர் சொல்யூஷன், வொயிட்னர் பற்றி ஒரு வார்த்தை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மருத்துவ மையம் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வந்தது. அதில் முகர்கிற போதை ஒன்றுதான் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்தது. 10 முதல் 17 வயதில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல், பெரியவர்களில் அதில் பாதி. சைக்கிள் கடையில் வேலைக்கு நிற்கிற பிள்ளை, குப்பை பொறுக்குகிற பிள்ளை, இவர்களுக்கு அது சுலபமாகக் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். அதனால்தான் சொல்கிறோம், தப்புச் செய்து மாட்டினால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதீர்கள். வெளியே அனுப்புங்கள் என்று பள்ளியில் சொன்னாலும், குழுவில் நாலு பேர் சேர்ந்து போய்ப் பேசுங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். இங்கேதான் கொஞ்சம் கசக்கும்.

“டேய், கடைக்கு ஓடிப் போய் அப்பாவுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கிட்டு வா.” “ஆயாவுக்குப் போயிலை வாங்கிட்டு வா, மீதிச் சில்லறைக்கு நீ மிட்டாய் வாங்கிக்க.” இதை நம்ம வீட்டில் சொல்லாதவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (கூட்டத்தில் சிரிப்பு.) பிள்ளைக்கும் கடைக்காரருக்கும் அங்கேதான் பழக்கம் ஆகிறது. விலை தெரிகிறது, பேர் தெரிகிறது, எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்றும் தெரிகிறது. சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலைப் பொருள் விற்கவே கூடாது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் கடையே இருக்கக்கூடாது. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆவது பிரிவுப்படி, பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். குட்கா, பான் மசாலாவுக்கு 2013 மே மாதமே தமிழ்நாட்டில் தடை வந்தாயிற்று. கூல் லிப் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவதைப் பற்றி 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலைப்பட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் பத்து பேர் சேர்ந்து போய், ‘அண்ணே, எங்க பிள்ளைங்களுக்கு விக்காதீங்க, நாங்க அனுப்பவும் மாட்டோம்’ என்று சொன்னபோது கேட்ட கடைக்காரர் உண்டு. கேட்காதவரும் உண்டு. கேட்காதவரைப் பற்றி 10581 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்லலாம்.

குடி பற்றிப் பேசாமல் இந்தக் கூட்டத்தில் இறங்க முடியாது. நம்ம ஊர் இருக்கிற இடம் அப்படி. ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டினால் முள்ளோடை, புதுச்சேரி வந்துவிடும். 2001-இல் நம்ம பண்ருட்டிப் பக்கம் கள்ளச்சாராயம் ஐம்பது பேருக்கு மேல் கொண்டுபோனதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஜூனில் பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல். அங்கே அப்பா அம்மா இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்பா குடிக்கிற வீட்டில் பிள்ளைக்கு என்ன திறனைச் சொல்லிக் கொடுத்து என்ன பிரயோசனம் என்று சில அக்காக்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எங்களிடம் முழுப் பதில் இல்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மாவின் கணவர் குடியால் இளம் வயதிலேயே 1979-இல் இறந்தார். பெரிய குடும்பம், வசதிக்குக் குறைவில்லை, இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த வருஷமே, 1980-இல், அவர் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். குடிக்கிறவரை மட்டும் பார்க்காமல் வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுகிற சிகிச்சை அங்கே நடக்கிறது. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குடி ஒரு நோய், திட்டியும் சத்தியம் வாங்கியும் மட்டும் போகாது என்பதை நம்ம ஜனங்களுக்குப் புரிய வைத்தவர்களில் அவர் ஒருவர். பிள்ளையிடம் நீங்கள் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம். அப்பா குடிப்பதற்கு நீ காரணம் இல்லை. அது நோய், அதற்கு வைத்தியம் உண்டு. ராத்திரி பயமாக இருந்தால் நீ ஓடிப் போக வேண்டிய வீடு இது. அந்த வீடு எது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். நம்ம குழுவிலேயே பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் இருப்பார்.

போன் நம்பரை எல்லோரும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098. போதையிலிருந்து விடுபட ஆலோசனைக்கு 14446. மனசு சரியில்லை என்றால் 14416. மூன்றுக்கும் காசு கிடையாது. இங்கேயே நம்ம அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பைத்தியம் என்று யாரும் எழுத மாட்டார்கள், கூட்டிக்கொண்டு போங்கள்.

பிள்ளை மாட்டிக்கொண்ட அன்றைக்கு என்ன செய்வது? அடிக்காதீர்கள் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். கோபத்தோடு பேச வேண்டாம், அன்றைக்கு ராத்திரி சோற்றைப் போட்டுத் தூங்க விடுங்கள். காலையில் கேளுங்கள். எப்போது, யாரோடு, எத்தனை தடவை. கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அதுதான் ரொம்பக் கஷ்டம். நடுவில் நாம பேசினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். நாங்களே பயிற்சி எடுத்தும் இன்னும் நடுவில் பேசிவிடுகிறோம்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவன் எட்டாம் வகுப்புக்குத் திரும்பவே இல்லை. ஒரு வருஷம் கழித்து நாங்கள் நேரில் போய்ப் பார்த்தபோது வண்டி ரிப்பேர் கடையில் நின்றான். கை முழுக்க கிரீஸ். ‘மிஸ், நீங்க அந்த மேசை போட்டவங்கதானே’ என்று கேட்டான். ஆமாம் என்றோம். பொட்டலத்தை முழுசாக விடவில்லை, குறைத்திருக்கிறேன் என்றான். எட்டாவதைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று சொல்லி விண்ணப்பம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். எழுதுவானா தெரியாது. அவன் அம்மா இப்போது குழுக் கூட்டத்துக்கு வருகிறார். ஆறாவது படிக்கிற தங்கச்சியை ஒரு சனிக்கிழமைகூட விடாமல் வகுப்புக்குக் கூட்டி வருகிறார். வாசலிலேயே உட்கார்ந்து வகுப்பு முடிகிறவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்களிடம் கேட்பது இரண்டு. ஒன்று, இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு இடம். குழுக் கட்டிடமோ கோயில் மண்டபமோ மரத்தடியோ எதுவானாலும் சரி, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பெண்கள் ஊருக்கு இரண்டு பேர் வந்தால் நாங்கள் மூன்று நாள் பயிற்சி தருகிறோம். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். ‘இது பையன்கள் விஷயம்’ என்று இருந்துவிடாதீர்கள், வற்புறுத்துகிறவனிடம் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு இன்னும் பல இடத்தில் தேவைப்படும்.

இரண்டாவது, இன்றைக்கே தீர்மான நோட்டில் ஒரு வரி. ‘எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பீடி, சிகரெட், புகையிலை, மது வாங்கக் கடைக்கு அனுப்ப மாட்டோம்.’ இதை ஒரு ஊரில் சொன்னபோது எழுபது வயசு ஆயா ஒருவர் எழுந்து, “அப்ப என் வெத்தலைக்குப் போயிலை யாரு வாங்கியாறது?” என்று சண்டைக்கு வந்துவிட்டார். பக்கத்திலேயே அவர் பேத்தி உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பு, சனிக்கிழமை வகுப்புப் பிள்ளை. ஆயாவின் முகத்தைப் பார்த்து, சிரித்த மாதிரி, “வேணாம் ஆயா” என்றாள். ஆயா மறுபடி கேட்டார். “வேணாம் ஆயா” என்றாள். மூன்றாவது தடவை, “நான் டியூஷனுக்குக் கிளம்புறேன், வழியில உங்களைக் கடை வரைக்கும் கூட்டிட்டுப் போறேன், நீங்களே வாங்கிக்கங்க” என்றாள்.

ஆயா அன்றைக்கு வாங்கத்தான் செய்தார். ஆனால் தீர்மானத்தில் முதல் கைநாட்டு அவருடையது.

கிள்ளை பஸ் நாலே முக்காலுக்கு. நோட்டைத் திறங்கள், எழுதிவிட்டுக் கிளம்பலாம்.